மரக்கால் யார் கையில்?

ஒரு தொழிலாளி எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், எத்தனை மிஷின் பார்த்தார், எத்தனை குழி வெட்டினார் என்ற கணக்கை எழுதுவது யார்? பார்வைக்கு இது ஏதோ குமாஸ்தா வேலை போலத் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கிலிருந்துதான் கூலி பிறக்கிறது. கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ, கூலியின் குடுமியும் அவர் கையில்தான் இருக்கிறது.

கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கூலி அளக்க ஒரு மரக்கால், நெல் வாங்க ஒரு மரக்கால் என்று மிராசுதார்கள் வைத்திருந்த காலத்தை அவருடைய முன்னோர் கண்ணால் கண்டவர்கள். 1940-களில் தோழர் பி. சீனிவாசராவ் முன்னின்று கட்டிய இயக்கம், சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்று முழங்கிய அதே மூச்சில், முத்திரை மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்றும் கேட்டது. கூலியை உயர்த்து என்பதோடு அந்தத் தோழர்கள் நிற்கவில்லை. அளக்கிற கருவியே இரு தரப்புக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றார்கள். அளவுகோலுக்கும் வர்க்கம் உண்டு என்பதை ஏட்டில் படிக்காமலே அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்த மரக்கால் இன்று வேறு உருவில் வந்திருக்கிறது. கையில் கட்டும் கடிகாரமாக, சட்டைப்பையில் கிடக்கும் செல்போனாக, முகத்தைப் பார்த்து ஆஜர் போடும் பெட்டியாக, ரிங் பிரேமில் ஒவ்வொரு கதிரிலும் இழை அறுவதை எண்ணிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் கண்ணாக வந்திருக்கிறது. நடந்த அடி, நின்ற நேரம், இதயத் துடிப்பு, தூங்கிய மணி எல்லாவற்றையும் எண்ணும் கடிகாரத்தை நம் வாலிபத் தோழர்கள் பலர் தாங்களே காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். தன் உடம்பின் கணக்கைத் தான் தெரிந்துகொள்வதில் குற்றம் ஒன்றுமில்லை. அந்தக் கணக்கு எங்கே போகிறது, யார் அதைப் படிக்கிறார்கள், படித்துவிட்டு யாரை என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

நூறாண்டுப் பழைய ஆசை

முதலாளி வர்க்கத்துக்கு இந்த ஆசை நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் பிரடெரிக் டெய்லர் என்ற இன்ஜினீயர், தொழிலாளி குனிவதையும் நிமிர்வதையும் ஸ்டாப் வாட்ச் வைத்து அளப்பதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கினார். 1899-ல் பெத்லஹேம் உருக்காலையில் இரும்புப் பாளம் சுமக்கும் ஆட்கள் நாளொன்றுக்கு ஆளுக்கு 12½ டன் ஏற்றிவந்தார்கள். தம்முடைய முறையில் அது 47½ டன் ஆயிற்று என்று டெய்லரே பெருமையாக எழுதிவைத்தார். கூலியோ 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்டுக்கு ஏறியது. வேலை ஏறத்தாழ நாலு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. நடுவில் போன லாபம் யார் பெட்டிக்குப் போயிற்று என்று நம் வாசகர்களுக்குத் தெரியும்.

தொழிலாளர்கள் கை கட்டிக்கொண்டிருக்கவில்லை. 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் என்ற ஊரில் அமெரிக்க சர்க்காரின் ஆயுதச் சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள், ஸ்டாப் வாட்சை எதிர்த்து வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். விஷயம் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை வரை போய் விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. 1915-ல், ராணுவத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஸ்டாப் வாட்ச் முறைக்குச் செலவிடக்கூடாது என்று தடை பிறந்தது. அந்தத் தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. மெஷின் வந்துவிட்டால் அதை யாரும் தடுக்க முடியாது என்று உபதேசம் செய்கிறவர்கள் இந்தச் சரித்திரத்தைப் படிப்பது நல்லது.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. டெய்லரின் காலத்தில் வாட்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இன்று தொழிலாளியே தன் மேஸ்திரியைக் கையில் கட்டிக்கொண்டு திரிகிறார். இரவில் தன் வீட்டுக் கரண்டில் அதற்குச் சார்ஜும் போட்டு வைக்கிறார்!

கையில் கட்டிய மேஸ்திரி

நாகபுரி, சண்டிகர், பஞ்ச்குலா முதலிய நகரங்களில் சில ஆண்டுகளுக்கு முன் துப்புரவுத் தொழிலாளர்களின் கைகளில் ஒரு கடிகாரம் மாட்டப்பட்டது. ஆள் எந்தத் தெருவில் நிற்கிறார் என்பதை அது விண்கோள் மூலம் ஆபீசுக்குச் சொல்லும். அங்கே அதிகாரியின் திரையில் தொழிலாளி ஒரு புள்ளி. சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் கொடுத்த கடிகாரத்தில் காமிராவும் மைக்கும்கூட இருந்தன. கழிப்பறைக்குப் போகவும் கூசுகிறோம் என்று பெண் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். புள்ளி இடம் மாறினால், கடிகாரம் நின்றுபோனால், சம்பளத்தில் வெட்டு விழுமோ என்ற பயத்திலேயே நாள் கழிந்தது. இந்தத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரின் அழுக்கைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் மீதுதான் முதன்முதலில் நம்பிக்கையில்லாத கண் விழுந்தது.

அந்தக் கடிகாரம் எதை எண்ணியது, எதை எண்ணவில்லை என்று பாருங்கள். தொழிலாளி நின்ற இடத்தை எண்ணியது. அவர் மூச்சில் போன தூசியை எண்ணவில்லை. நடந்த தூரத்தை எண்ணியது. கையுறை இல்லாமல் அள்ளிய கழிவை எண்ணவில்லை. நம் மில்களிலும் இதே கதைதான். இழை எத்தனை தடவை அறுந்தது, சைடர் எத்தனை நிமிஷத்தில் ஒட்டினார் என்பதெல்லாம் திரையில் ஏறுகிறது. பஞ்சுத் தூசி எத்தனை பேர் நெஞ்சை அடைத்தது என்பது எந்தத் திரையிலும் ஏறுவதில்லை. லாபத்துக்கு உதவும் எண் உடனே பதிவாகிறது. தொழிலாளிக்கு உதவும் எண்ணைப் பதிவு செய்ய ஆளில்லை.

சில இடங்களில் இந்தக் கடிகாரம் மிரட்டிக்கொண்டு வராமல், சிரித்துக்கொண்டு வருகிறது. "உன் ஆரோக்கியத்துக்காக" என்று சொல்லிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பள்ளி ஆசிரியர்களின் வைத்திய இன்ஷூரன்சில் இப்படி ஒரு திட்டத்தை நுழைத்தார்கள். செல்போன் செயலியில் நடையையும் உடற்பயிற்சியையும் பதிவு செய்து ஆண்டுக்கு 3,000 புள்ளி சேர்க்க வேண்டும். சேர்க்கத் தவறினால் மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். வைத்தியச் செலவில் கையிலிருந்து போடும் பங்கும் 500 டாலர் ஏறும். பாடம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் எத்தனை அடி நடந்தார் என்று சர்க்காருக்கு என்ன கவலை? சம்பளம் போதாமை, இன்ஷூரன்ஸ் கட்டண உயர்வு ஆகியவற்றோடு இந்த அவமானமும் சேர்ந்து ஆசிரியர்களைக் கொதிக்க வைத்தது. எதிர்ப்பைக் கண்டு அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆனால் மூண்ட தீ அணையவில்லை. 2018 பிப்ரவரி 22-ல் அந்த மாநிலத்தின் 55 வட்டாரங்களிலும் பள்ளிகள் மூடின. வேலைநிறுத்த உரிமையைச் சட்டம் தராத இடத்தில் அவர்கள் வேலையை நிறுத்தி, 5 சதவிகிதச் சம்பள உயர்வோடு மார்ச் முதல் வாரத்தில் திரும்பினார்கள்.

நம் நாட்டிலும் எதிர்ப்பு இல்லாமலில்லை. அரியானாவில் ஆஷா பெண் ஊழியர்கள், தங்கள் போனைத் தூரத்திலிருந்தே அதிகாரிகள் பார்க்கவும் கட்டுப்படுத்தவும் வழிசெய்த செயலியை ஏற்ற மாட்டோம் என்று 2021-ல் கிளர்ச்சி செய்தார்கள்.

ஏரிக்கரையில் எடுத்த போட்டோ

கிராமத்துக்கு வருவோம். நூறு நாள் வேலையில் போட்டோ ஆஜரை மத்திய சர்க்கார் 2021 மே மாதம் கொண்டுவந்தது. 2022 மே 16 முதல் 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் அது கட்டாயமாயிற்று. 2023 ஜனவரி 1 முதல் அநேகமாக எல்லா இடங்களுக்கும் பரவியது. காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ, அந்த இடத்திலிருந்தே ஏற்ற வேண்டும். ஏரிக்குள் சிக்னல் கிடைக்காவிட்டால்? பணித்தளப் பொறுப்பாளரின் போன் பழுதானால்? மண் வெட்டியது நிஜம், வேர்வை சிந்தியது நிஜம், ஆனால் படம் ஏறவில்லை என்றால் ஆஜர் இல்லை. ஆஜர் இல்லை என்றால் கூலி இல்லை. அளவு வேலையை முடித்துவிட்டவர்களும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்துக் கிடந்தார்கள். இதை எதிர்த்து 2023-ல் டில்லி ஜந்தர் மந்தரில் கிராமத் தொழிலாளர்கள் தர்ணா நடத்தினார்கள்.

"திருட்டைத் தடுக்கத்தானே இது, யோக்கியனுக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்கலாம். அதற்குப் பதிலை மத்திய சர்க்காரே எழுதிக் கொடுத்திருக்கிறது. 2025 ஜூலையில் கிராம வளர்ச்சி மந்திரி காரியாலயம் அனுப்பிய சுற்றறிக்கையில், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், பதிவில் உள்ள ஆட்கள் வேறு, படத்தில் உள்ள ஆட்கள் வேறு என்று பட்டியல் போட்டிருந்தது. ஆக, கள்ளக் கணக்கு எழுதுகிறவனுக்கு வழி கிடைத்துவிட்டது. நிஜமாக மண் சுமந்தவருக்குத்தான் கூலி போயிற்று.

2025 டிசம்பரில் பார்லிமெண்டில் அந்த வேலை உறுதிச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். புதிய சட்டத்திலும் கண்காணிப்புக் கருவிகளுக்குக் குறைவில்லை. பெயர் மாறலாம், மரக்கால் மட்டும் கை மாறவில்லை.

தொழிலாளி எழுதிய கணக்கு

அப்படியானால் கடிகாரத்தை உடைத்துவிடலாமா? போனைக் கிணற்றில் போடலாமா? அது வழியல்ல. மரக்காலை உடைக்கச் சொல்லிக் கீழத்தஞ்சைத் தோழர்கள் கேட்கவில்லை. அதற்கு முத்திரை கேட்டார்கள். நாமும் நமக்கென்று ஒரு கணக்கு வைக்க வேண்டும்.

இதுவும் புதிய யோசனையல்ல. 1880-ல் காரல் மார்க்ஸ், பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக நூறு கேள்விகள் கொண்ட ஒரு வினாப் பட்டியல் தயாரித்தார். வேலை நேரம் எவ்வளவு, சாப்பாட்டு இடைவேளை எவ்வளவு, எந்த விபத்துகள் நடந்தன, கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார். முதலாளியிடமோ அதிகாரியிடமோ போகாமல், தொழிலாளியிடமே நேராகக் கேட்டார். தன் உழைப்பின் நிலையைத் தொழிலாளியே ஆராய்ந்து எழுத வேண்டும் என்பது நம் இயக்கத்தின் பால பாடம்.

இன்றைய உதாரணம் ஒன்று சொல்கிறோம். அமெரிக்காவில் டார்கெட் என்ற கடைக் கம்பெனிக்குச் சொந்தமான, வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனம் 2020-ல் கூலிக் கணக்கை மாற்றியது. பழைய முறையில் எவ்வளவு, புதிய முறையில் எவ்வளவு, எந்தச் சூத்திரத்தில் என்று தொழிலாளிக்குச் சொல்லவில்லை. ஒருவருக்குக் கூலி குறைந்தால், அது தன் துரதிர்ஷ்டமா, கம்பெனியின் சூழ்ச்சியா என்று தனி ஆளுக்குத் தெரியாது. தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொருவரும் தன் போனில் வந்த கூலி ரசீதைப் படமெடுத்து ஓர் இடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு பல்கலைக்கழக மாணவர் அவற்றைச் சேர்த்துக் கணக்கிட வழி செய்து கொடுத்தார். 200-க்கு மேற்பட்டவர்களின் ரசீதுகள் சேர்ந்தன. நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் கூலி வெட்டப்பட்டிருந்தது வெட்டவெளிச்சமாயிற்று. தனித்தனியே கிடந்தபோது அவை வெறும் ரசீதுகள். ஒன்று சேர்ந்தபோது சாட்சியம் ஆயின.

நமக்குத் தெரிந்த ஊபர், ஓலா கம்பெனிகளின் கதையும் உண்டு. எங்களைப் பற்றி நீ சேர்த்து வைத்திருக்கும் விவரங்களைக் கொடு, எங்களை வேலையிலிருந்து நீக்கியது மனிதனா மெஷினா என்று சொல் எனக் கேட்டு ஐரோப்பிய டிரைவர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் அப்பீல் கோர்ட் முக்கியமான அம்சங்களில் டிரைவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தன் கணக்கைத் தான் பார்க்கும் உரிமை அவர்களுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் இருந்தது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2023-ல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெயரைக் கேட்டால் நமக்கெல்லாம் பாதுகாப்பு வந்துவிட்டது போலிருக்கும். உள்ளே பாருங்கள். 7-ஆவது பிரிவு, வேலை சம்பந்தமான காரியங்களுக்காகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்காகவும், தொழிலாளியின் சம்மதம் கேட்காமலே அவருடைய விவரங்களைப் பயன்படுத்த இடமளிக்கிறது. 11-ஆவது பிரிவு, தன் விவரங்களைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. யாருக்கு? சம்மதம் கொடுத்தவருக்கு. ஆகவே சம்மதம் கேட்காமல் எடுத்த விவரத்தை, எடுக்கப்பட்டவரே பார்க்க இந்தப் பிரிவில் வழியில்லை! முதலாளி கேட்காமல் எடுக்கலாம். தொழிலாளி கேட்டாலும் பார்க்க முடியாது. மிராசுதாரின் இரண்டு மரக்கால்களுக்கும் இந்த இரண்டு பிரிவுகளுக்கும் என்ன வித்தியாசம்?

நாம் செய்ய வேண்டியது

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தொழிலாளியிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். வந்த நேரம், போன நேரம், ஓவர்டைம், பார்த்த மிஷின், கைக்கு வந்த சம்பளம், பிடித்தம், பட்ட காயம் எல்லாம் தேதியோடு எழுதட்டும். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்திலிருப்பவர் எழுதட்டும். சம்பளச் சீட்டைப் போனில் படமெடுத்து வைக்கட்டும். கிராமத்தில் வேலைக்குப் போகிறவர்கள், ஆள் பெயர், தேதி, வெட்டிய குழியின் நீள அகல ஆழம், படம் ஏறியதா இல்லையா, கூலி வந்த நாள் ஆகியவற்றைக் கிளைச் சங்கத்தின் நோட்டில் எழுதி வைக்கட்டும். கூலி வராதபோது அதிகாரி முன் வெறுங்கையோடு நிற்பது வேறு, முப்பது பேர் கையெழுத்தும் கைரேகையும் உள்ள கணக்கோடு நிற்பது வேறு.

மில்லில் வேலைப்பளு பேச்சுவார்த்தை வரும்போது நிர்வாகம் தன் கம்ப்யூட்டர் கணக்கை மேஜைமேல் போடுகிறது. நம் பக்கம் என்ன இருக்கிறது? "தாங்க முடியவில்லை ஐயா" என்ற முறையீடுதான். கூடுதலாக ஒரு பிரேம் கொடுத்தால் சைடர் ஒரு ஷிப்டில் எத்தனை மைல் நடக்கிறார் என்று பத்துப் பேர் பதினைந்து நாள் அளந்து வைத்தால், நாமும் ஒரு கணக்கை மேஜைமேல் போடலாம். வாலிபத் தோழர்கள் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் அதற்கு உதவட்டும்.

ஆனால் எச்சரிக்கை இரண்டு. முதலாவது, தனி ஆளின் எண்ணைத் தனியாக நிர்வாகத்திடம் காட்டக்கூடாது. டெய்லர் பலசாலியான ஆளைப் பொறுக்கியெடுத்து, அவருடைய அளவை எல்லோர் தலையிலும் கட்டினார். "நான் இவ்வளவு நடந்தேன்" என்று ஒருவர் பெருமைக்குச் சொல்வது, மறுநாள் பக்கத்துச் சைடருக்குச் சாட்டையாக மாறும். எண்ணைப் பெயர் நீக்கிச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, கடிகாரமும் செயலியும் விற்கும் கம்பெனியும் முதலாளிதான். அதில் ஏறுவது அவன் களஞ்சியத்துக்கும் போகலாம். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும் கூட்ட விவரத்தையும் எந்தச் செயலியிலும் ஏற்ற வேண்டாம். அதற்கு நோட்டுப் புத்தகமே உத்தமம்.

சர்க்காரிடமும் நிர்வாகங்களிடமும் நம் கோரிக்கைகள் தெளிவானவை:

தொழிற்சங்கத்தோடு பேசி ஒப்பந்தம் செய்யாமல் எந்தக் கண்காணிப்புக் கருவியும் புகுத்தக்கூடாது.

தொழிலாளியைப் பற்றி எடுக்கும் பதிவு முழுவதும், மாதந்தோறும் சம்பளச் சீட்டோடு, தமிழில் அவர் கைக்கு வர வேண்டும்.

மெஷின் சொன்னதை மட்டும் வைத்துச் சம்பளம் பிடிப்பதோ வேலையிலிருந்து நீக்குவதோ கூடாது. மெஷின் பழுதானால், சிக்னல் இல்லாவிட்டால், கூலி முழுவதும் கொடுக்க வேண்டும்.

உடம்பின் துடிப்பையும் கழிப்பறை நேரத்தையும் எண்ணக்கூடாது. ஷிப்ட் முடிந்தபின் பின்தொடரக்கூடாது.

2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலாளிக்குக் கொடுத்த விலக்கை ரத்து செய்து, தன் கணக்கைப் பார்க்கும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆகாயத்தை வளைக்கும் கோரிக்கையல்ல. எண்பது ஆண்டுகளுக்கு முன், சேரிக்குள் செருப்பும் குடையும் மறுக்கப்பட்ட மக்கள், மிராசுதாரின் கண்ணெதிரே நின்று முத்திரை மரக்கால் கேட்டார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது, ஒற்றுமை தெரிந்திருந்தது. நமக்கு இரண்டும் இருக்கிறது. மில்லில் இருக்கும் தோழர்கள் அடுத்த சம்பள நாளிலிருந்தே நோட்டைத் தொடங்கட்டும். கிராமத் தோழர்கள் அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுக்கட்டும்.

உழைப்பு நம்முடையது. அதன் கணக்கும் நம் கையில் இருக்கட்டும்!